பலகையில் இல்லாத தம்பி

எங்கள் அலுவலகத்தில் அக்கா என்றால் ஒருத்திதான். மேலாளர் அவளைவிட மூத்தவர். அவரும் "அக்காவைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார். எந்த அக்கா என்று யாரும் கேட்டதில்லை.

நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதலில் என் காதில்தான் கத்துவார்கள். தொலைபேசி மேசை என்னுடையது. நான் புகாரைக் கணினியில் பதிந்தால், பக்கத்து மேசையில் இருக்கும் அக்கா அதை அந்தப் பகுதி மெக்கானிக்குக்கு அனுப்பிவைப்பாள். அவர் போய்ச் சரிசெய்துவிட்டுத் தன் ஃபோனில் 'முடிந்தது' என்று ஒரு தட்டுத் தட்டுவார். இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. கத்துகிறவர் கத்திவிட்டு மறந்துவிடுவார். சாயந்திரம் வரைக்கும் காதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்.

அக்கா இங்கே தட்டச்சு செய்ய வந்தவள். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மேசைமேல் ஒரு தூசி தும்பு இருக்காது. அவள் கோப்பையில் தெரியாமல் யாராவது டீ குடித்துவிட்டால், "நீயே வச்சுக்க" என்று கோப்பையையே கொடுத்துவிடுவாள். கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்தினால் தேவலை. யார்மேல் கோபமோ அந்த ஆள் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். கணக்குப் பிரிவுக்காரரோடு ஒருமுறை மனஸ்தாபம் வந்தபோது தன் மேசையைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். அவள் வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தின் ஓரத்தில் ஒரு தோள்பட்டை மட்டும் நிற்கும். பெரியப்பா மகனுடைய தோள்பட்டை. மிச்ச ஆளைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிட்டாள். "சமாதானம் ஆனதும் ஒட்டிடலாம்னுதான் பத்திரமா வச்சேன். தலை எங்க போச்சுன்னே தெரியல" என்பாள். சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. எங்களிடம்தான் மெக்கானிக். அவனைச் சேர்த்துவிட்டதே அவள்தான். பழைய கடைவீதிப் பகுதி முழுக்க அவன் பொறுப்பு. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற ஆள். அவன் சாப்பிட்டானா என்று ஃபோனில் கேட்காமல் அக்கா தன் டப்பாவைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவன் பெண்டாட்டி இருக்கிறாள், சமைக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று இருக்கிறது. இருந்தாலும் கேட்பாள்.

இந்தக் கதைக்குள் அந்த மென்பொருள் வந்து சேர்ந்தது. கஞ்சி போட்ட சட்டையோடு ஒருவர் வந்து எங்களையெல்லாம் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். "இனிமே ஒரு படம் வேணும்னா கம்ப்யூட்டர் பிரிவைக் கெஞ்சிக்கிட்டு நிக்க வேண்டாம். நீங்களே போட்டுக்கலாம். இதப் பிடிச்சு இழுங்க, இங்க விடுங்க." நிஜமாகவே இழுத்து விட்டால் படம் முளைத்தது. அவ்வளவுதான், அலுவலகத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சரக்கறைக்காரர் போட்ட வட்டப் படத்தில் இருந்த நிறங்களைப் பார்த்தால் கண் கூசும். எது திருகு எது கம்பி என்று அவருக்கே தெரியவில்லை. மேலாளர் ஒரு கோட்டுப் படம் போட்டு எல்லாருக்கும் அனுப்பினார். கோடு ஏறிக்கொண்டே போனது. எது ஏறுகிறது என்று கேட்டதற்கு, "ஏறுதுல்ல, பாருங்க" என்றார். ஒரே மாதத்துக்கு இரண்டு பேர் இரண்டு எண்ணிக்கையோடு வந்து கூட்டத்தில் முட்டிக்கொண்டார்கள். நான்கூட ஒன்று போட்டேன், எந்த நேரத்தில் ஆட்கள் அதிகமாகக் கத்துகிறார்கள் என்று. யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போகட்டும்.

இந்தக் கூத்துக்கு நடுவே உருப்படியாக ஒன்றைச் செய்தது அக்காதான். மேலே பெரிய எழுத்தில் மொத்தப் புகார்களின் எண்ணிக்கை. அதற்குக் கீழே பட்டைப் படம்: ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு பட்டை, எத்தனை புகாரை முடித்தார் என்று. பக்கத்தில் ஊர் வரைபடம்: முடித்த புகார் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கட்டடத்தின்மேல் ஒரு புள்ளி. இடது ஓரத்தில் மெக்கானிக்குகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு டிக். இதற்கு நாங்கள் 'பலகை' என்று பேர் வைத்தோம். மேலாளர் தன் அறைத் திரையில் அதையே நாள் முழுக்க ஓடவிட்டார். மெக்கானிக்குகள் தங்கள் ஃபோனில் பார்த்துக்கொண்டார்கள். யார் எங்கே திறந்தாலும் வருவது அக்கா செய்துவைத்த அதே பலகைதான்.

அக்காவுக்கு அதன்மேல் அப்படி ஒரு பாசம். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் திறப்பாள். "மனுஷங்க ஆயிரம் சொல்வாங்கடி. படம் பொய் சொல்லாது" என்பாள்.

சண்டை வந்தது அம்மாவின் தலைமுடியால். அவர்களுடைய அம்மா அக்கா வீட்டில்தான் இருக்கிறார். நீளமான முடி. தினமும் காலையில் அம்மாவை உட்காரவைத்துச் சீவிப் பின்னிவிட்டுத்தான் அக்கா வேலைக்குக் கிளம்புவாள். எவ்வளவு அவசரம் என்றாலும் அது மட்டும் நிற்காது. அம்மா கொஞ்ச நாள் மகன் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முடி கழுத்தோடு நின்றது.

அக்கா அலுவலகத்திலிருந்துதான் அவனைக் கூப்பிட்டாள். என் காதுபடத்தான் பேசினாள்.

"யாரைக் கேட்டுடா வெட்டின? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவன் ஏதோ சொன்னான். ஒரு வரிகூட இருக்காது.

"சுலபமா? யாருக்குடா சுலபம்? இத்தனை வருஷம் சீவுனவ நான். சரி, விடு. இனிமே என்கிட்ட பேசாத."

ஃபோனை வைத்துவிட்டாள். அன்று மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் பலகையைத் திறந்தாள். பட்டைப் படத்தில் அவன் பட்டை நின்றது, பேரோடு.

"இவன் மூஞ்சியை இதுல வேற தினமும் பாத்துத் தொலைக்கணுமா?" என்று சொல்லிக்கொண்டே இடது ஓரத்தில் அவன் பேருக்கு முன்னால் இருந்த டிக்கை எடுத்தாள். பட்டை மறைந்தது. எனக்குக் கல்யாணப் படமும் கத்தரிக்கோலும் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவளும் லேசாகச் சிரித்தாள். சாயந்திரம் மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று அது கேட்டது. எந்தக் கணினி எதைக் கேட்டாலும் நாம் என்ன செய்கிறோமோ அதையே அவளும் செய்தாள். 'ஆம்' என்று அமுக்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பட்டைப் படத்திலிருந்து மட்டும், தன் கண்ணுக்கு மட்டும், அவன் போய்விட்டான் என்றுதான் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த டிக் மொத்தப் பலகைக்கும் சேர்த்து. பலகையோ அவள் செய்தது. அவள் சேமித்தால் எல்லாருக்கும் சேமித்ததுதான். அவன் முடித்த புகார் ஒவ்வொன்றும் வரைபடத்திலிருந்து போனது. மேலே இருந்த மொத்தத்திலிருந்தும் போனது. கஞ்சிச் சட்டைக்காரர் வகுப்பில் இதைச் சொன்னாரா என்று எனக்கு ஞாபகமில்லை. சொல்லியிருந்தால் டீ வந்த நேரத்தில் சொல்லியிருப்பார்.

புகார்கள் குறைந்துவிட்டன! மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "பலகை வந்ததும் எப்படி இறங்கியிருக்கு பாத்தீங்களா" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் அறைக்குள் இழுத்துக் காட்டினார். தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டார்.

"சார், என் ஃபோனுக்கு யாராவது இதைச் சொன்னா நல்லாயிருக்கும். அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றேன்.

"உனக்குக் களைப்பும்மா" என்றார்.

இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். திரையில் அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கும்போது என் காதை நான் எங்கே நம்புவது?

தம்பி எப்போதும்போல வருவான், சரக்கறையில் சாமான் வாங்குவான், அக்கா மேசையைத் தாண்டிப் போவான். அக்கா திரையைப் பார்ப்பாள். அவன் தரையைப் பார்ப்பான். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் மூச்சு முட்டும். வீட்டிலும் இதே கதைதான். அவன் அம்மாவைப் பார்க்க வந்தால் இவள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போய்விடுவாளாம், காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு.

பிறகுதான் அந்தக் கூட்டம் வந்தது. எந்தப் பகுதிக்கு எத்தனை மெக்கானிக் என்று முடிவுசெய்கிற கூட்டம். அலுவலக ஆட்கள் மட்டும்தான். அக்கா வரைபடத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டாள். ஊர் முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். பழைய கடைவீதிப் பக்கம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை.

மேலாளர் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். "இங்க ஒண்ணுமே இல்லையே. அப்போ அங்க தனியா ஆள் எதுக்கு? பக்கத்துப் பகுதிக்காரரே பாத்துக்கலாம். துறைமுகக் கிளையில ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. தம்பியை அங்க மாத்திடலாம்."

துறைமுகக் கிளை என்றால் ரயிலில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும். குடும்பத்தைப் பிரிந்து போக வேண்டும், இல்லையென்றால் அவன் பெண்டாட்டி தன் வேலையை விட வேண்டும். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு வரைபடத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன். "என்னக்கா இது? உன் தம்பியாச்சே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னத்தச் சொல்ல? படத்துலதான் தெரியுதே. நான் அனுப்பின புகாருல ஒண்ணைக்கூட முடிக்காம ஊர் சுத்தியிருக்கான். நான் சேத்துவிட்ட பாவத்துக்கு எனக்குத் தலைகுனிவு" என்றாள். அது கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை மெக்கானிக்குகள் கூடும்போது மாற்றல் கடிதத்தைக் கொடுப்பதாக முடிவானது.

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா குடியிருப்பது கடைவீதியை ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடம். அம்மாவைக் காற்றாட நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. லிஃப்ட் கம்பெனிக்காரி லிஃப்டில் மாட்டிக்கொண்டாள்! பிறகு அவள் இதைச் சொல்லும்போது நான் சிரித்துவிட்டு ஓர் அடி வாங்கினேன்.

அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டு, அம்மாவைத் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். யார் வருவான் என்று தெரியாதா என்ன? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாளாம். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வீட்டில் என்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே அக்கா எழுந்து போய்விடுவாள். இங்கே எழுந்து எங்கே போவது?

"முடியை வெட்டச் சொன்னது நான்தான்" என்றாராம் அம்மா.

"அவனைக் காப்பாத்த நீ பொய் சொல்லாத."

"பொய் என்னடி பொய்? நீ சீவுறப்ப உயிர் போகும் எனக்கு. உனக்கு வேலைக்குப் போற அவசரம், வெடுக்கு வெடுக்குன்னு இழுப்ப. உன்கிட்ட சொன்னா, நான் செய்யுறது பிடிக்கலையான்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. அதான் அங்க போனப்ப அவன்கிட்ட சொன்னேன். நான் சொன்னேன்னு உன்கிட்ட சொல்லாதடா, அவ மனசு கஷ்டப்படும்னும் சொன்னேன். அந்தப் பிள்ளை திட்டை வாங்கிக் கட்டிக்கிட்டு நிக்குது."

அக்கா கையை எடுத்து அம்மாவின் பின்கழுத்தில் வைத்துப் பார்த்தாளாம். பின்னல் இருந்த இடம் மிருதுவாக இருந்ததாம்.

அப்போது மேலே எங்கிருந்தோ தம்பியின் குரல் கேட்டது. "பயப்படாதம்மா, மெதுவா கீழ இறக்குறேன்." லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கித் தளத்தோடு சேர்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கையெல்லாம் மசகோடு அவன் நின்றான். அம்மாவைப் பிடித்து வெளியே நிறுத்தினான். அக்கா ஏதாவது சொல்ல நினைத்தாள். அவன் ஃபோனை எடுத்து, அவள் கண்முன்னாலேயே 'முடிந்தது' என்று தட்டிவிட்டு, படியில் இறங்கிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை அவள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். நேற்று நடந்ததை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "இரு, நேத்து அவன் வந்துபோன புள்ளியைக் காட்டுறேன்" என்று பலகையைத் திறந்தாள். அப்படி ஓர் ஆசையோடு திறந்தாள். தன் கட்டடத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். புள்ளி இல்லை. இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். இல்லை.

"முடிந்ததுன்னு தட்டுனானே, நான் பாத்தேனே" என்று முணுமுணுத்தாள். பிறகு அவள் கண் இடது ஓரத்துக்குப் போனது. அவன் பேருக்கு முன்னால் காலிக் கட்டம்.

டிக்கைத் திரும்பப் போட்டாள். கடைவீதி முழுக்கப் புள்ளி புள்ளியாக நிரம்பியது. மேலே மொத்தம் பழையபடி ஏறி நின்றது. அவன் பட்டை எழுந்து வந்தது; பெரிதுமில்லை, சின்னதுமில்லை, மற்றவர்களைப்போல ஒரு நல்ல பட்டை. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயோ, என்னடி பண்ணி வச்சிருக்கேன் நான்" என்றாள்.

கூட்ட அறையில் மெக்கானிக்குகள் உட்கார்ந்தாகிவிட்டது. மேலாளர் கையில் கடிதத்தோடு எழுந்து நின்றுவிட்டார். அக்கா கதவைத் தட்டக்கூட இல்லை; நேராக உள்ளே போய்த் திரையில் பலகையைப் போட்டாள். நான் ஃபோனை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். யாராவது கத்தட்டும்.

"சார், நீங்க பாத்த படம் தப்பு. இதுதான் சரி" என்றாள்.

மேலாளர் திரையைப் பார்த்தார். நிரம்பிய கடைவீதியைப் பார்த்தார். மொத்தத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ புகார் குறையவே இல்லையா?" என்று கேட்டார், பாவம். தலைமை அலுவலகத்துக்கு எழுதியது ஞாபகம் வந்திருக்கும்.

"இல்ல சார்."

"கை தவறி ஏதாவது அமுக்கிட்டீங்களாக்கா? கம்ப்யூட்டர்ல அப்படி ஆகும்தான்."

நல்ல மனுஷன், வழி விட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தோடு முடிந்தது. சொல்லுக்கா, சொல்லித் தொலை என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

"கை தவறல சார். வேணும்னேதான் எடுத்தேன். எனக்கும் என் தம்பிக்கும் வீட்டுச் சண்டை. அவன் பேரைப் பாக்கப் பிடிக்காம எடுத்துட்டேன். எல்லாருக்கும் போயிடும்னு தெரியாது. ஆனா எடுத்தது நான்தான். அவன் ஒரு நாளும் வேலை செய்யாம இருந்ததில்ல."

மேலாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பலகையில் கைவைக்கிற உரிமையை அக்காவிடமிருந்து எடுத்துக் கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கொடுப்பதாக, அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். இனிமேல் அவளும் எல்லாரையும்போலப் பார்க்கலாம், மாற்ற முடியாது. அவள் பார்த்துப் பார்த்துச் செய்த பலகை. அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

தம்பியும் பின்னாலேயே வந்தான். என் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். நான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"அந்தக் கடிதத்துல என்ன இருந்துச்சு தெரியுமாடா உனக்கு?" என்றாள் அக்கா.

"தெரியும். துறைமுகக் கிளை. வெள்ளிக்கிழமையே சரக்கறையில சொன்னாங்க."

"எதனாலன்னு தெரியுமா?"

"பலகையில என் பேரு இல்லாததால. நான் தினமும் ஃபோன்ல பாக்குறேன்ல? நீ எடுத்த அன்னைக்கே தெரியும். கல்யாணப் படத்துல பண்ணின மாதிரி பண்ணியிருக்கன்னு நினைச்சேன். கோவம் போனா திரும்ப வச்சுடுவன்னு விட்டுட்டேன்."

"அடப்பாவி! ஊரை விட்டே அனுப்பப் பாத்தாங்கடா. அப்பவாவது வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"மேனேஜர்கிட்ட சொன்னா உன் பேரு கெட்டுப்போகும். உன்கிட்டதான் சொல்லணும்." அவன் தரையைப் பார்த்தான். "நீதான் இனிமே பேசாதன்னு சொல்லிட்டியே அக்கா."

அக்கா மசகு ஒட்டிய அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்று அழுதாள்.